என் குளம் கசியாது

நீச்சல் குளத்துக்குக் கவர் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். நீலமா, பச்சையா, சாம்பலா என்று கடையில் நின்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் போனேன், பச்சையைச் சொல்லிவிட்டு வந்தேன். பச்சையில் அழுக்குத் தெரியாது என்று விற்பவர் சொன்னார். அழுக்குத் தெரியாவிட்டால் எதைப் பார்த்துத் துடைப்பது என்ற யோசனை எனக்கு அப்போது வரவில்லை. இந்த விஷயத்தில் நான் செய்த தவறு என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

நேற்று வாய்வார்த்தையாகச் சொன்னதை இன்று விவரமாகச் சொல்லச் சொல்கிறீர்கள். சந்தோஷம். உட்கார நாற்காலி கொடுத்து, டீயும் வரவழைத்திருக்கிறீர்கள். நாற்காலியில் ஒரு கால் லேசாக ஆடுகிறது, யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் ஐயா. நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறேன். இடையில் கேள்வி கேட்டால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும்.

வேலையில் இருந்த காலம் முழுக்க நான் லிஃப்ட் பரிசோதகர். உயரமான கட்டடங்களில் ஏறி இறங்கி, கம்பி வடம் தேய்ந்திருக்கிறதா, கதவு முழுசாக மூடுகிறதா, அவசர மணி அடிக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன். நான் கையெழுத்துப் போட்ட லிஃப்டில் ஒருவர்கூடச் சிக்கிக்கொண்டது கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு இடத்தில் பேச்சு நடந்தது. அவர்கள் வீட்டு மாடிப்படியின் கைப்பிடி ஆடியது, எடுத்துச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து தகவல் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, அந்தக் கைப்பிடியைச் சரிசெய்தார்களா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

ஓய்வு பெற்றதும் நான் வாங்கிய வீட்டின் பின்பக்கத்தில் நீச்சல் குளம் இருந்தது. எனக்கு நீந்தத் தெரியாது. வீட்டைக் காட்டிய தரகர் அந்தக் குளத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். நான் பார்த்தபோது எனக்குத் தோன்றியது வேறு. கதவு வைக்காத லிஃப்ட் குழி அது, தண்ணீரை ஊற்றி அழகாக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். என் தங்கைக்கும் நீந்தத் தெரியாது. அவள் வந்து போகிற வீட்டில் இப்படி ஒரு குழி திறந்து கிடக்கலாமா? அவளுக்காகத்தான் கவர் போட்டேன். அவள் அதுவரை அந்த வீட்டுக்கு வந்ததில்லை என்பது உண்மை, ஆனால் என்றாவது வருவாள் அல்லவா.

உங்களுக்குக் கவர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்காது. குளத்தின் ஒரு முனையில் தரைக்கடியில் ஒரு பெட்டி. அதற்குள் ஒரு உருளையில் துணி சுற்றியிருக்கும், பாய் சுற்றி வைப்பதைப் போல. துணி என்றால் துணி இல்லை, லாரிக்குப் போடும் தார்ப்பாய்க்குப் பெரியண்ணன். இரண்டு பக்கமும் குளத்தின் விளிம்பு நீளத்துக்கு அலுமினிய சேனல், நடுவில் பள்ளம் வைத்த பட்டை. துணியின் ஓரத்தில் தைத்திருக்கும் கயிறு அந்த சேனலுக்குள் புகுந்து ஓடும். சுவரில் ஒரு சாவி ஸ்விட்ச். சாவியை ஒரு பக்கம் திருப்பினால் கவர் மெதுவாக வந்து குளத்தை மூடும், மறுபக்கம் திருப்பினால் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கவரைப் பொருத்திய மெக்கானிக் குட்டையான மனிதர். பேசும்போதும் உதட்டில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், ஒரு நாள் விழுங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் கவரை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக் காட்டினார்.

"சார், சாவியைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் இது ஓடும். கையை எடுத்தா நின்னுரும். ஏன்னா, பிடிக்கிறவங்க கண்ணு தண்ணியில இருக்கணும். தண்ணிக்குள்ள ஆள் இருந்தா கவரைத் தொடவே கூடாது."

"மூடவும் கூடாது, திறக்கவும் கூடாதா?"

"எதுவும் கூடாது சார். ஆள் இருந்தா சாவியில கை வைக்காதீங்க, அவ்வளவுதான்."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வேலைக்காலம் முழுக்க நான் படித்த விதிப் புத்தகங்களில் 'இயன்றவரை', 'பொதுவாக', 'சூழ்நிலைக்கேற்ப' என்று எழுதி எழுதி விதியைக் கஞ்சிபோல ஆக்கியிருப்பார்கள். இந்த மனிதர் ஒரே வரியில் முடித்துவிட்டார். மேலே ஆள் நடந்தால் தாங்குமா என்று கேட்டேன்.

"தாராளமா. ஆனா தாங்குறது துணின்னு நினைச்சுக்காதீங்க. கீழ இருக்குற தண்ணிதான் தாங்குது. தண்ணி மட்டம் இந்த டைல்ஸ் வரிசைக்கு நேரா இருக்கணும். இறங்கிப்போச்சுன்னா துணி அந்தரத்துல தொங்கும். அப்ப ஆள் ஏறினா ஓரம் சேனலை விட்டுக் கழண்டுரும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் பல் துலக்கியதும் என் முதல் வேலை தண்ணீர் மட்டம் பார்ப்பது. வெயிலில் கொஞ்சம் ஆவியாகும், அந்தக் கொஞ்சத்தைக் குழாயைத் திறந்து நிரப்புவேன். மழை பெய்தால் கவரின் மேல் தேங்கும் தண்ணீரைச் சின்ன பம்பு வைத்து இறைப்பேன். சேனலுக்குள் இலையும் மண்ணும் சேரும், அதைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுப்பேன். மோட்டார் பெட்டிக்குள் தண்ணீர் நிற்காமல் வடிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். கயிறு ஒரு பக்கம் நீண்டுவிட்டால் கவர் கோணலாக வரும், உடனே மெக்கானிக்கைக் கூப்பிட்டு இரண்டு பக்கமும் சமமாக இழுக்கச் சொல்வேன். மூடியிருக்கும்போது அந்தப் பச்சை, ஒரு சுருக்கம் இல்லாமல், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரிந்திருக்கும். மாலையில் ஒரு நாற்காலி போட்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. குளத்தை எத்தனை முறை திறந்தேன் என்று கேட்டால், மருந்து போடத் திறந்ததைத் தவிர வேறு நினைவில்லை.

அப்போதுதான் தங்கையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். தங்கள் வீட்டுக்கு வெள்ளையடிப்பதாகவும், அந்த வாடை தங்கைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும், சுவர் காய்ந்ததும் போய்விடுவதாகவும் சொன்னார்கள். அந்தச் சுவர் இன்னும் காயவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றிச் சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனிதர். மேடை அலங்காரக் கான்ட்ராக்டராக இருந்தவர். ஆள் வாட்டசாட்டம், குரலும் அப்படித்தான், குளியலறையில் பாடினால் தெருமுனை வரை கேட்கும். என்னைவிட இளையவர், என்னை மச்சான் என்று கூப்பிடும்போதே தோளில் ஒரு தட்டுத் தட்டுவார். என் தங்கை அவர் சொல்கிற எல்லா நகைச்சுவைக்கும், ஏற்கெனவே கேட்டதாக இருந்தாலும், முதல் தடவை கேட்பதைப் போலச் சிரிப்பாள். நான் அவளுடைய அண்ணன். அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அதை நான் மறுக்கவே இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

வந்த மறுநாள் காலையில் அவர் துண்டோடு வந்து நின்றார்.

"என்ன மச்சான், குளத்தை இப்படிப் போர்த்திப் படுக்க வச்சிருக்கீங்க? காய்ச்சலா அதுக்கு?"

தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன். சாவியைத் திருப்பித் திறந்துவிட்டேன். அவர் ஓடி வந்து குதித்ததில் தண்ணீர் சேனலுக்குள் எல்லாம் அடித்தது. குளித்து முடித்துப் போன பிறகு நான் தலைமுடியும் எண்ணெயும் எடுத்தேன். விருந்தாளி வந்தால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.

பிறகு அவருக்குச் சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பொறுமை இல்லை. ஒரு நாள் நான் பின்பக்கம் வந்தபோது கவர் தானாக ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஈ காக்கை இல்லை. ஐஸ்கிரீம் குச்சியை ஒடித்துச் சாவியின் இடுக்கில் செருகி வைத்துவிட்டு, அவர் உள்ளே போய்த் தலை துவட்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் குச்சியைப் பிடுங்கினேன். எடுத்துச் சொன்னேன். "இதுக்கெல்லாம் ஒரு ஆளா நிக்கணும்?" என்று கேட்டார். சாவியை நான் என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அவர் போய்க் கள்ளச் சாவி செய்துகொண்டு வந்தார். அதைக் காட்டிச் சிரிக்கவும் செய்தார். ஒளிவுமறைவு இல்லாத மனிதர், அதையும் சொல்ல வேண்டும்.

கவரின் மேல் நடக்க முடியும் என்பதை அவருக்கு யார் சொன்னது என்று நேற்று கேட்டீர்கள். நான்தான். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் வந்திருந்தபோது, கவரின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தவன், இது ஆளையே தாங்கும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கவில்லை, மாப்பிள்ளை ஏறிவிட்டார். முதலில் ஒரு கால், பிறகு மறு கால், அப்புறம் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தார். பச்சை அலை அலையாக அசைந்தது. நண்பர் வாயைப் பிளந்தார். தங்கை கைதட்டினாள்.

அன்றோடு வீட்டுக்கு யார் வந்தாலும் இதுதான் வேடிக்கை. தண்ணீர்மேல் நடக்கிறேன் பார் என்று மேடை அலங்காரக்காரர் தானே மேடை ஏறினார். பிறகு அது தினசரிப் பழக்கமாயிற்று. மதியம் சாப்பிட்டதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நடுவில் போட்டு உட்காருவார். நாற்காலியின் நான்கு கால்களும் துணியில் குழி விழச் செய்யும். கையில் டீ, வாயில் சிகரெட். கீழே தண்ணீர் தளும்ப, ஊஞ்சலைப் போல இருக்கிறதாம், சொர்க்கமாம். சாம்பலைத் துணியிலேயே தட்டுவார். ஒரு நாள் கங்கு விழுந்து சின்ன ஓட்டை. நான் மண்டியிட்டு, அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, காயவைத்து, அதே பச்சையில் ஒட்டு வெட்டி, பசை தடவி, மேலே செங்கல் வைத்துவிட்டு எழுந்தபோது கண் கலங்கிவிட்டது. புகை எனக்கு ஆகாது, அதனாலும் இருக்கலாம்.

இதை எல்லாம் நான் மனதில் வைத்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. அவர் தட்டில் முதலில் பரிமாறச் சொல்வேன், நாளிதழை முதலில் அவரிடம்தான் கொடுப்பேன். தங்கை வீட்டுக்காரர் என்றால் அந்த மரியாதையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது அவர் சொன்னார்.

"மச்சான், உங்க பாரத்தைக் குறைச்சுட்டேன். அந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டுட்டேன். வர்ற வாரம் வந்து கவரு, மோட்டாரு எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிடுவான். சும்மா ஒரு மிதக்குற ஷீட் வாங்கிப் போட்டுக்கலாம், கையாலயே சுருட்டிடலாம். பாவம், நீங்க இந்த வயசுல டூத் பிரஷ்ஷை வச்சுக்கிட்டுக் குனிஞ்சு கிடக்குறதப் பாக்கச் சகிக்கல."

"அப்ப நீங்க மதியம் எங்க உக்காருவீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"அதுக்குத் தெர்மாகோல்ல ஒரு மேடை கட்டி மிதக்க விடுறேன். பாருங்க எப்படி இருக்குன்னு."

அவர் என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். அதைப் புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் மிதக்கிற ஷீட் என்பது என்ன? குமிழி வைத்த பிளாஸ்டிக். ஒரு பூனை ஏறினால்கூட அதோடு உள்ளே போய்விடும். அதன் பக்கத்தில் என் தங்கை துணி காயப்போடுவாள். அவளுக்கு நீந்தத் தெரியாது என்று சொன்னேன் அல்லவா? ஒரு அண்ணனாக நான் என்ன செய்வது? அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். முடிவு எடுத்துவிட்டால் எனக்குத் தூக்கம் வந்துவிடும், வேலையில் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

மறுநாள் தங்கை தையல்கடைக்குப் போக வேண்டியிருந்தது. காலை உணவுக்குப் பிறகு நான் பம்பு அறைக்குப் போனேன். அங்கே ஒரு வால்வு இருக்கிறது. அதை ஒரு பக்கம் வைத்தால் தண்ணீர் வடிகட்டிக்குப் போய்த் திரும்பிக் குளத்துக்கே வரும், இன்னொரு பக்கம் வைத்தால் வெளியே போய்விடும். வெளியே போகிற பக்கம் வைத்துக் குழாயைத் தோட்டத்துக்கு இழுத்துவிட்டேன். கவர் மூடியேதான் இருந்தது. மருந்து கலந்த தண்ணீர் என்பதால் ரோஜாச் செடிகள் இரண்டு பட்டுப்போய்விட்டன. அதை முன்கூட்டியே யோசித்து வாசல் பக்கம் விட்டிருக்க வேண்டும். அந்தச் செடிகளை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

எவ்வளவு இறக்கினேன் என்று உங்கள் ஆட்கள் அளந்து எழுதியிருப்பார்கள். மேலே கவருக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் காற்று. மீதித் தண்ணீர் நடுப்பகுதியில் ஒரு ஆளை மூழ்கடித்து மிஞ்சும். கீழே தாங்கல் போனதும் துணி கொஞ்சம் தொங்கியது. பார்க்க நன்றாக இல்லை. சாவியைப் பிடித்து வழக்கத்தைவிட இறுக்கமாக இழுத்துவிட்டேன். மறுபடி சுருக்கமில்லாமல் நின்றது.

மதியம் அவர் வந்தார். ஒரு கையில் நாற்காலி, ஒரு கையில் டீ. விளிம்பில் நின்று காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"அட, இன்னிக்கு நல்லா விறைப்பா இருக்கே மச்சான்."

"இழுத்துக் கட்டியிருக்கேன் மாப்பிள்ளை."

"கழட்டப் போற நேரத்துல எதுக்கு இந்த வேலை?" என்று சிரித்தார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

துணி தாங்குகிறதா, தண்ணீர் தாங்குகிறதா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. இத்தனை நாள் அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்தவருக்கு அந்தச் சந்தேகம் ஒரு முறையாவது வந்திருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன். பாதுகாப்பு சம்பந்தமாக யார் என்ன கேட்டாலும் நான் மறைத்ததே இல்லை.

அவர் நடந்தார். முதல் சில அடிக்குத் துணி பிடித்துக்கொண்டது, இழுவை அப்படி. நடுவுக்குப் போனதும் ஒரு பக்கத்து ஓரம் சேனலிலிருந்து வெளியே வந்தது. ஜிப் கழல்வதைப் போல, விளிம்பின் நீளத்துக்கும் அப்படியே கழன்றது. கிழியவில்லை ஐயா. கழன்றது. இதைத் தயவுசெய்து அழுத்தமாக எழுதுங்கள். அவரும் நாற்காலியும் டீயும் ஒன்றாகக் கீழே போக, அத்தனை துணியும் அவர்மேல் போய் விழுந்தது. ஈரமானால் அந்தத் துணியை நாலு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். நல்ல நீச்சல்காரர்தான், ஆனால் நீந்துகிறவருக்கு மேலே வர வழி வேண்டும்.

நான் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றிருந்தேன். சாவி போட்டபடிதான் இருந்தது, என் கையும் அதன்மேல் இருந்தது. துணிக்கடியிலிருந்து அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது.

"மச்சான்... சாவி... சாவியைத் திருப்புங்க..."

திருப்பியிருந்தால் கவர் பின்னால் போயிருக்கும், ஒரு பக்கம் சேனலில்தானே இருந்தது. கோணலாகப் போயிருக்கும், கயிறு சிக்கியிருக்கும், ஆனாலும் கொஞ்சமாவது போயிருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீருக்குள் ஆள் இருக்கும்போது சாவியில் கை வைக்கக் கூடாது. மெக்கானிக் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். மூடவும் கூடாது, திறக்கவும் கூடாது. உடனே கையை எடுத்துவிட்டேன். பதற்றத்தில் விதியை மீறுகிறவர்களால்தான் பெரிய விபத்துகள் நடக்கின்றன என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் வகுப்பெடுத்திருக்கிறேன். கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. அதுவும் விதிதான்.

கொஞ்ச நேரத்தில் அசைவு நின்றது. நின்றுவிட்டது என்பதற்காக ஆள் இல்லை என்று அர்த்தமாகாது. சந்தேகம் இருக்கும்போது இயக்குவது தவறு. அதனால் இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன்.

தங்கை தையல்கடையிலிருந்து வந்தாள். "அவர் எங்க அண்ணே?" என்று கேட்டாள். குளத்தில் என்றேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

நீங்கள் கேட்கப் போவது புரிகிறது. விபத்து என்று எல்லோரும் முடிவு கட்டி, தங்கைக்கு ஆறுதல் சொல்லி, எனக்கும் ஆறுதல் சொல்லிவிட்டுப் போன பிறகு, நானாக ஏன் இங்கே வந்து உட்கார்ந்தேன் என்பதுதானே. மனசாட்சி என்று உங்கள் எழுத்தர் நேற்று சொன்னார், இளைஞர், பாவம். காரணம் அது இல்லை. உங்கள் ஆட்கள் ஒரு பொறியாளரை அழைத்து வந்தார்கள். அவர் பூட்ஸ் காலோடு என் சேனலில் ஏறி நின்றார், அதை விட்டுவிடுவோம். தண்ணீர் மட்டம் இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, என் காதுபடவே பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"குளம் கசிஞ்சிருக்கு. கவரும் நைஞ்சு போயிருக்கும். பெரியவரு வயசானவரு, பராமரிக்க முடியாம விட்டிருப்பாரு."

ஐயா, என் குளம் கசியாது. ஒரு சொட்டுக் கசியாது. அந்தக் கவர் நைந்து போகவில்லை, நீங்கள் எந்த நிபுணரை வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள். பராமரிக்க முடியாமல் விட்டேனாம். மூன்று நாள் அந்த வார்த்தை என்னைச் சாப்பிடவிடவில்லை. நான்காம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன். ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். வால்வைத் திருப்பியது நான். அவர் அதன்மேல் நடப்பார், விழுவார், எழமாட்டார் என்று தெரிந்துதான் திருப்பினேன். கவரின் மேல் எந்தக் குறையும் இல்லை. கீழே தண்ணீர் இல்லாமல் ஆளைத் தாங்கும் கவரை இன்னும் யாரும் செய்யவில்லை.

நேற்று மாலை தங்கை என்னைப் பார்க்க வந்திருந்தாள். நீங்கள்தான் அனுமதித்தீர்கள், நன்றி. ஆள் பாதியாக இளைத்துவிட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்.

"அண்ணே, ஒரு வார்த்தை, கிளம்புங்கன்னு சொல்லியிருந்தா நாங்க அன்னிக்கே பெட்டியைக் கட்டியிருப்போமே. ஏண்ணே சொல்லல?"

எனக்கு அவள் கேட்டதே புரியவில்லை. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைக் கிளம்பு என்று எப்படிச் சொல்வது? அவர் மனது என்ன பாடுபடும்? நான் அப்படி வளர்க்கப்பட்டவன் இல்லை. அதைத்தான் அவளிடமும் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் சொன்னதன் நியாயம் அவளுக்குப் பட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் மேற்கொண்டு அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

போகும்போதுதான் அதைச் சொன்னாள். வியாழக்கிழமை மெக்கானிக் வருகிறாராம். கவரைக் கழற்றித் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறாளாம், அதை இனி ஒரு நாளும் கண்ணால் பார்க்கக் கூடாதாம். சேனலில் ஒரு ஓரம் கழன்றதைத் தவிர அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஓரத்தைத் திரும்பப் புகுத்திவிட்டால் புதுசாகிவிடும் என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, போய்விட்டாள். நடுராத்திரி வரை எனக்குத் தூக்கமில்லை ஐயா, அப்புறம் நன்றாகத் தூங்கிவிட்டேன். உங்கள் காவலரைக் கேட்டுப் பாருங்கள்.

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்காகத்தானே இவ்வளவும். துக்கத்தில் இருக்கிறவள், எடுத்துச் சொல்ல ஆளில்லை, அதனால் அவசரப்படுகிறாள். இங்கே கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு இதையெல்லாம் பேச முடியாது. அதனால் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு வேண்டுகோள். புதன்கிழமை ஒரு நாள், ஒரே ஒரு மதியம், என்னை வீட்டுக்கு அனுப்புங்கள். காவலுக்கு ஆள் வந்தாலும் வாசலோடு நின்றால் போதும். குளத்தங்கரையில் உட்கார வைத்துப் பேசினால் அவளுக்குப் புரிந்துவிடும்.